ஓடைக்குள் ஏழு கற்கள்

“அப்ப நடந்து வர்றவங்க எப்படிப்பா போவாங்க?”

இதைக் கேட்டபோது மகளுக்கு எட்டு வயது. அப்பாவின் செல்போனில் ஒரு நிமிடப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மலைப்பாதையின் குறுக்கே ஓர் ஓடை. வெயில் காலம், கணுக்கால் அளவுத் தண்ணீர். அதில் வரிசையாகக் கிடந்த ஏழு பெரிய கற்களை ஒரு கயிறு ஒவ்வொன்றாக இழுத்து ஓரம்கட்டுகிறது. கயிற்றின் மறுமுனையில் அப்பாவின் வண்டி. படம் முழுக்க அப்பாவின் குரல், “வா, வா, வாடா ராசா, வந்துட்ட பாரு” என்று கல்லைக் கொஞ்சுகிறது.

“அங்க யாரும்மா நடக்கறா? காட்டுப்பன்னிகூட வண்டி கேக்குற காலம் இது,” என்று அப்பா சிரித்தார். அடுப்படியிலிருந்து அம்மாவும் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. படத்தை இன்னொரு தரம் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். குழந்தைகள் கேட்டதை மறந்துவிடுவார்கள். கேட்ட கேள்வி மட்டும் எங்காவது ஓரமாக உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கும்.

தெருவில் அந்த அப்பாவுக்குப் பெயர் கவசம். வெல்டிங் பட்டறைக்காரர். எதைச் சரிபார்க்கக் கொடுத்தாலும், சொன்ன வேலையை முடித்துவிட்டு ஓர் இரும்புத் தகட்டையும் சேர்த்து ஒட்டித்தான் திருப்பித் தருவார். “நாற்காலிக்கு எதுக்குங்க அடியில தகடு?” என்று கேட்டால், “இருக்கட்டுமே, சோறா கேக்கப் போகுது?” என்பார். ஆறு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியபோது மருத்துவர்கள் உள்ளே ஒரு தகட்டை வைத்துத் திருகி அனுப்பினார்கள். “ஊருக்கெல்லாம் ஒட்டினேன், கடைசியில எனக்கே ஒட்டிட்டாங்க,” என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் அதன்பிறகு சமதரையில் இருநூறு அடி நடந்தாலே இடது கால் இழுக்கும். மேடு என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த மேட்டின் மேல்தான் அவருடைய அக்கா இருந்தாள். பெற்றவள் இறந்த பிறகு அவருக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய அக்கா. சாரத்திலிருந்து விழுந்தபோது நாற்பது நாள் அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்த அக்கா. அத்தான் மலைமேல் இருக்கும் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓட்டுபவர். அக்காவுக்கு நுரையீரல் கெட்டு இரண்டு வருடமாயிற்று. ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் இல்லாவிட்டால் மூச்சு நிற்காது, ஆனால் போதவும் போதாது. சுகாதார நிலையத்து வேன் வாரம் ஒருமுறை சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுக்கும். வேன் போகும் சாலை மழைக்குச் சரியும் சாலை. அது சரிந்துவிட்டால் மிச்சம் இருப்பது ஓடையைத் தாண்டி ஏறும் பழைய நடைபாதை ஒன்றுதான்.

அந்த ஒரு நாளுக்காகத்தான் வண்டி. பல கை மாறி வந்த நாலு சக்கர மலைவண்டி. கைப்பிடியும் இருக்கையும் பைக்குக்கு உள்ளவை மாதிரி, டயர்கள் டிராக்டருக்கு உள்ளவை மாதிரி. பட்டறை வேலை முடிந்த பிறகு இரண்டு வருடம் அதன் மேலேயே கிடந்தார். சரிவில் கவிழாமல் இருக்க, சக்கரங்களுக்கு உள்பக்கம் இரும்பு வளையம் கொடுத்து இருபுறமும் ஒரு சாண் அகலமாக்கினார். ஆழத் தண்ணீரில் எஞ்சின் மூச்சு முட்டாமல் இருக்க, காற்று இழுக்கும் குழாயைக் கைப்பிடிக்கு மேலே, ஆள் கழுத்து உயரத்துக்குத் தூக்கிவிட்டார். முன்னால் வின்ச் பூட்டினார். பேட்டரியில் சுழலும் உருளை, அதில் நூறடிக் கயிறு, நுனியில் கொக்கி. எங்கே சிக்கினாலும் எதிரே ஒரு மரத்தில் கொக்கியை மாட்டினால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். பின்னால் ரப்பர் விளிம்பு வைத்த தகரப் பெட்டி ஒன்று, சொட்டு நீர் உள்ளே போகாது. அடியில், கேட்பானேன், தகடு. முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரே தகடு.

அந்தத் தகட்டின்போதுதான் டயர்க்கடைக்காரர் குறுக்கே வந்தார். உறவு ஒன்றும் இல்லை, இருபது வருடமாக ஒருவரையொருவர் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

“மாப்ள, வெல்டு வைக்காத. போல்ட்டு போடு. நாளைக்கு அடியில எதையாவது திறக்கணும்னா என்ன பண்ணுவ?”

“என் தகடு கழட்டறதுக்கு இல்ல மாப்ள. ஒட்டினா ஒட்டினதுதான்.”

“கல்யாணம் மாதிரியா?”

“அதவிடக் கெட்டி.”

“வீட்ல தங்கச்சி இருக்கா, கேட்டுச் சொல்லவா?” என்று அவர் பட்டறையின் உள்கதவைப் பார்த்துக் குரல் கொடுக்க, அந்தப் பேச்சு சிரிப்பில் முடிந்துபோயிற்று.

அகலமாக்கிய வண்டிக்கு ஓடையில் இடம் போதவில்லை. தரை கெட்டியாக இருப்பது ஒரே இடத்தில்தான், அதற்கு மேலும் கீழும் சேறு. அந்தக் கெட்டித் தரையில்தான் யார் எப்போது போட்டதோ, நடப்பவர்கள் கால் வைத்துத் தாண்ட ஏழு கற்கள் கிடந்தன. முன்பு கற்களை ஒட்டியே வண்டி போய்விடும். இப்போது சக்கரம் இடித்தது. புது வின்ச்சுக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது. அப்படித்தான் அந்தப் படம் எடுக்கப்பட்டது.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அத்தான் போன் செய்தார்.

“மாப்பிள்ளை, ரோடு போயிடுச்சு. வேன் வராதாம். சிலிண்டர் முள்ளு கீழ வந்துட்டு இருக்கு. மூணு மணி வரைக்கும் தாங்கும்னு நினைக்கிறேன். இவள விட்டுட்டு நான் எப்படி இறங்கறது?”

“நீங்க எதுக்கு இறங்கணும் அத்தான்? அதுக்குத்தானே நான் வண்டி வச்சிருக்கேன். அக்காகிட்ட சொல்லுங்க, பத்தரைக்கு அங்க இருப்பேன்.”

சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. பின்னால் அதை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்பட்டார்.

சுகாதார நிலையத்தில் சிலிண்டரை வாங்கி, பின்சட்டத்தில் பட்டை போட்டு இறுக்கினார். வழியில் டயர்க்கடைக்காரர் கடைக் கதவைப் பாதி திறந்தபடி, “நானும் வரட்டுமா மாப்ள? மேட்டுல ஒரு கால் கூட இருந்தா நல்லதுதானே?” என்றார். “என் வண்டிக்கு நாலு கால் இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் கவசம்.

பத்து மணிக்கு ஓடை. தண்ணீர் பழுப்பாக, இருக்கை உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் பயப்படவில்லை. இதற்காகத்தானே இரண்டு வருடம் வேலை செய்தது? ஆண்டவனை நினைத்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். பாதி தூரம் வண்டி யானை மாதிரிப் போயிற்று. பாதியில் நின்றது.

எஞ்சின் நிற்கவில்லை. தூக்கிவிட்ட குழாய் வழியாக நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு உறுமியது. முறுக்கினால் இன்னும் உரக்க உறுமியது. சக்கரம் மட்டும் திரும்பவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ட். அது மூடிய பெட்டிக்குள் ஓடுகிறது. சூடு ஆற அந்தப் பெட்டிக்கும் தனியாக ஒரு காற்றுக்குழாய் உண்டு, இருக்கைக்கு அடியில். எஞ்சினின் மூக்கைத் தூக்கிவிட்டவர் பெட்டியின் மூக்கைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டார். பெட்டி நிறையத் தண்ணீர். நனைந்த பெல்ட் வழுக்கிக்கொண்டு வெறுமனே சுற்றியது.

வின்ச் இருந்தது. ஆனால் கொக்கியைக் கொண்டுபோய் எதிர்க்கரை மரத்தில் மாட்ட ஓர் ஆள் வேண்டும். அவர் இடது காலைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தார். இழுத்த இழுப்பில் இடுப்புத் தகட்டில் மின்னல் வெட்டியது. காலை மேலே எடுத்துக்கொண்டார். கொக்கியை வீசிப் பார்த்தார். கரையில் விழும், இழுத்தால் வந்துவிடும். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பின்னால் கை நீட்டிச் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தார், அது அங்கேதான் இருக்கிறதா என்பது போல. நாற்பது அடி அகல ஓடை நடுவில், எல்லாக் கருவியும் பூட்டிய வண்டியின் மேல், நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தார். கத்திப் பார்த்தார். பிறகு ஜெபம் செய்தார். பிறகு இரண்டும் ஒன்றாகிவிட்டது.

பதினொரு மணி வாக்கில் எதிர்க்கரையில் ஆள் தெரிந்தது. தபால்காரம்மா. மேலே இருக்கும் ஏழெட்டு வீடுகளுக்கும் நீரேற்று நிலையத்துக்கும் வாரம் ஒருநாள் நடந்து ஏறித் தபால் கொடுத்துவிட்டு, இரவு அங்கேயே தங்கிக் காலையில் இறங்குவார். ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான அம்மா. தோளில் தோல்பை, கையில் குடை. கரையில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன தம்பி, மீன் பிடிக்கிறீங்களா?”

“அம்மா, சிலிண்டர்மா. பம்ப்காரர் வீட்டு அக்காவுக்கு. மூணு மணிக்குள்ள போகணும்மா.”

அம்மாவின் முகம் மாறியது. “ஐயோ, நேத்து அவங்க கையாலதான் டீ வாங்கிக் குடிச்சேன். என்ன செய்யணும், சொல்லுங்க.”

கொக்கியை வீசினார். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை அம்மா குடையின் வளைந்த பிடியால் இழுத்துப் பிடித்துவிட்டார். “மரத்தைச் சுத்தி, கொக்கியைக் கயித்துலயே மாட்டுங்கம்மா,” என்று கவசம் கத்த, “முப்பது வருஷமா கட்டு கட்டற கை தம்பி, எனக்கா சொல்லித் தர்றீங்க?” என்று பதில் வந்தது. வின்ச் முனகிக்கொண்டே வண்டியைக் கரையேற்றியது. அந்த ஒரு நிமிடம் அவருக்கு உயிர் திரும்பியது போலிருந்தது.

கரையில் வைத்து முறுக்கினார். உறுமல்தான். பெல்ட் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு உண்டு. அதைக் கழற்றிவிட்டால் போதும், கால் மணி நேரத்தில் பெல்ட் காய்ந்துவிடும். கவசம் படுத்து, தலையை வண்டிக்கு அடியில் விட்டார். தகடு. ஒரு நூல் இடைவெளி இல்லாத, அழகான, தன் கையாலேயே வைத்த வெல்டிங். எல்லா அளவிலும் ஸ்பானர் கொண்டுவந்திருந்தார். திருகு இருக்கும் இடத்தை விரலால் தட்டினார். டங் டங் என்றது. அறுக்கும் மெஷின் பட்டறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

“என்ன தம்பி சொல்லுது?”

“நான்தான்மா. நானே மூடிட்டேன்.” சேற்றில் படுத்தபடியே சொன்னார். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

தபால்காரம்மா வண்டியைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார், இறங்கி வந்த மேட்டைப் பார்த்தார். பிறகு தோல்பையைக் கழற்றி, உள்ளே இருந்த கடிதங்களை எடுத்துத் தகரப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தார்.

“இந்தப் பெட்டி ஒழுகாதே?”

“ஒழுகாதும்மா.”

“மேலேருந்து கொடுத்துவிட்டது பதினாலு கடுதாசி. ஒண்ணு நனைஞ்சாலும் என் மானம் போயிடும். பார்த்துக்கங்க.”

“அம்மா, நீங்க இப்பத்தானே இறங்கி வந்தீங்க? ரெண்டு மணி நேர ஏத்தம். பன்னெண்டு கிலோம்மா.”

“தேர்தல் சமயத்துல இதவிடக் கனம் தூக்குவேன். எல்லாரும் எல்லாருக்கும் எழுதுவாங்க.” சிலிண்டரைத் தோல்பைக்குள் இறக்கி, பையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் ஏறத் தொடங்கினார்.

அதன்பின் ஐந்து மணி நேரம். கவசத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை. வாழ்க்கையில் அவர் கை அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. தகட்டை நெம்பிப் பார்த்தார், கம்பிதான் வளைந்தது. ஈர மண்ணில் அம்மாவின் கால்தடங்கள் ஏறிப் போயிருந்தன. வேறு வேலை இல்லாததால் அவற்றைச் சாணால் அளந்தார். ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இரண்டு சாண் நான்கு விரல். இவ்வளவு சின்ன எட்டு வைத்துக்கொண்டு மூன்று மணிக்குள் எப்படிப் போய்ச் சேர்வது? மணி பார்த்தார். பெட்டியைத் திறந்து பதினாலு கடிதங்களும் காய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தார். மூன்று மணி ஆனபோது கண்ணை மூடிக்கொண்டு, மேலே அந்த அறையில் முள் கீழே விழுவதையும், அத்தான் கையைப் பிசைவதையும், அக்காவின் வாய் திறப்பதையும் பார்த்தார். “நான் ஒண்ணுக்கும் உதவாதவன், சாமி. அந்த அம்மா காலுக்குப் பலம் குடு,” என்பதற்கு மேல் அவருக்கு வார்த்தை இல்லை. கடவுளும் அதற்கு மேல் கேட்பதில்லை.

நாலே முக்கால் மணிக்கு அம்மா இறங்கி வந்தார். முழங்காலில் சேறு, நெற்றியில் பட்டையின் சிவந்த கோடு. கவசம் எழுந்து நின்றார்.

“மூச்சு விடறாங்க தம்பி,” என்றார் அம்மா. “நான் போறப்ப உதடு நீலமாயிருந்துச்சு. மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரத்துல கண்ணத் திறந்தாங்க. திறந்ததும் என்ன கேட்டாங்க தெரியுமா? ‘அவன் கால் வலிக்குதுன்னு சொன்னானா’ன்னு.”

கவசம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். அம்மா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, அவர் அழுது முடிக்கும் வரை செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“நீங்க இங்கயே இருங்க. நான் கீழ போய் ஆள் அனுப்பறேன். வீட்ல என்னமோ ஏதோன்னு நினைச்சுட்டு இருப்பாங்க,” என்று எழுந்தார்.

“இந்தத் தண்ணியிலயாம்மா? வேணாம்மா.”

“வேற வழி? இங்க ஏழு கல்லு இருந்துச்சு தம்பி, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. எந்த வெள்ளத்துலயும் அது மேல கால் வச்சா முழங்கால் தண்ணியோட போயிடலாம். வெயில் காலத்துல ஒரு நாள் வந்து பார்த்தா எல்லாம் ஓரமா கிடக்கு. ஏதோ வெள்ளம் வந்து தள்ளியிருக்கு போல.”

வெயில் காலத்தில் ஏது வெள்ளம்? கவசம் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தகடு மாதிரி. “அது…” என்றார். அதற்குள் அம்மா கடிதங்களைப் பைக்குள் போட்டுத் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்.

வின்ச்சின் கயிற்றை முழுக்கப் பிரித்து, நுனியை அம்மாவின் இடுப்பில் கட்டினார். கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, தான் வேரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வின்ச்சின் பட்டனை நம்பவில்லை. அம்மா இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. கற்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. நடுவில் ஒரு தரம் சறுக்கியது. குடை போயிற்று, தலை ஒரு கணம் காணவில்லை, பை மட்டும் மேலே தெரிந்தது. கயிறு அவர் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு இரண்டு அடி ஓடியது. கவசம் விடவில்லை. கத்தினாரா ஜெபித்தாரா என்று அவருக்கே தெரியாது. பிறகு பையின் கீழே முகம் வந்தது. அம்மா இருமிக்கொண்டே ஒரு கையைத் தூக்கி, பரவாயில்லை என்பது போல ஆட்டினார்.

எதிர்க்கரையில் ஏறி இடுப்புக் கயிற்றை அவிழ்த்த அம்மா முதலில் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். “பதினாலும் காஞ்சுதான் இருக்கு!” என்று கத்திவிட்டு வேகமாகப் போய்விட்டார். இருட்டும் முன்பே டயர்க்கடைக்காரர் ஆட்களோடும் கயிற்றோடும் வந்துவிட்டார். வண்டியைப் பற்றி அன்று ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.

நாலு நாளில் சாலை சீரானது, வேன் போயிற்று. அக்கா போனில் பழையபடி, “சாப்பிட்டியாடா?” என்றாள். தபால்காரம்மாவின் வீட்டுக்கு ஒரு புதுக் குடை போயிற்று. அம்மா அதை வாங்கிக்கொண்டு, “இதெல்லாம் எதுக்கு தம்பி?” என்றார். கவசம் அப்போதும் வாயைத் திறந்தார். அப்போதும் குடையைப் பற்றித்தான் பேசினார்.

மழை விட்டது. கவசம் பட்டறையில் வண்டியைச் சாய்த்து, தன் வெல்டிங்கைத் தானே அறுத்தார். அரை நாள் பிடித்தது, அவ்வளவு கெட்டி. தகட்டைப் போல்ட்டு போட்டு மாட்டினார். பெல்ட் பெட்டியின் குழாயையும் மேலே தூக்கினார். கடைசியாக, நாலு சக்கரத்துக்கும் கொடுத்திருந்த வளையங்களைக் கழற்றி எடுத்தார். வண்டி ஒடுங்கிப் பழைய அளவுக்கு வந்தது. டயர்க்கடைக்காரர் பார்த்துவிட்டு, “சரிவுல சாயுமே மாப்ள, இவ்வளவு கஷ்டப்பட்டு அகலப்படுத்தினியே?” என்றார். “மெதுவா போய்க்கிறேன்,” என்றார் கவசம்.

தபால் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, காலையிலேயே ஓடைக்குப் போனார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஏழு கற்களும் அவர் தள்ளிய இடத்திலேயே, பாதி மணலில் புதைந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பட்டை கட்டி, வின்ச்சால் இழுத்துத் திரும்ப வரிசைக்குக் கொண்டுவந்தார். நிற்க முடியாதபோது தண்ணீரிலேயே உட்கார்ந்துகொண்டு கடப்பாரையால் நெம்பினார். பழைய இடைவெளி அவருக்கு நினைவிருந்தது, நெட்டையான ஆம்பிளை எட்டுக்குப் போட்டது. அவர் அதை வைக்கவில்லை. இரண்டு சாண் நான்கு விரல் அளந்து வைத்தார். அந்த அளவுக்கு ஏழு கற்கள் போதாமல், ஓடையின் மேல்பக்கத்திலிருந்து இன்னும் சில கற்களைத் தேடி இழுத்து வந்து நிரப்பினார். உள்ளங்கையில் ஆறிவந்த காயம் மறுபடி திறந்துகொண்டது. இந்த முறை செல்போன் சட்டைப்பையிலேயே இருந்தது.

மதியம் தாண்டி முடிந்தது. ஒவ்வொரு கல்லின் மேலும் உட்கார்ந்து அசைத்துப் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறி, கற்களை உரசாமல் ஓரமாகவே கடந்து கரையேறினார். பாதையில் கொஞ்ச தூரம் போன பிறகு ஒரு சந்தேகம் வந்தது. அந்த அஞ்சாவது கல் லேசாக ஆடியதோ?

வண்டியை நிறுத்தினார். திருப்ப இடம் இல்லை. இறங்கி, கைப்பிடியைப் பிடித்து ஒரு நிமிடம் நின்று, இடது காலை இழுத்துக்கொண்டு ஓடைக்கு நடந்தார். ஆடத்தான் செய்தது. கரையில் தேடி ஒரு தட்டையான கல்சில்லை எடுத்து, கல்லுக்கு அடியில் வைத்து, இன்னொரு கல்லால் தட்டி இறக்கினார். அதன் மேல் ஏறி நின்று, வலது காலுக்கு ஒரு தரமும் இடது காலுக்கு ஒரு தரமுமாகப் பாரத்தை மாற்றிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு வந்த வழியே மெதுவாகத் திரும்பி நடந்தார்.